குண்டுபட்ட உடலும் தமிழ்ப் புனைகதையும்

போர்ப்புண்ணைப் பாடுமிடத்துப் பழந்தமிழ்ப் புலவர் காட்டிய நுண்மையை, துப்பாக்கிப் புண்ணை எழுதுமிடத்து இக்காலப் புனைகதையாசிரியர் காட்டுகின்றனரா என்பதே ஈண்டு யாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். காட்டவில்லை என்பதே எம் துணிபு. ஏன் காட்டவில்லை என்பதும், காட்டுவதற்கு எவற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்பதும் இனி வருவன.

இவ்வாராய்ச்சிக்குத் தோற்றுவாய் செய்தது ஏட்டறிவன்று. ஒரு மாலைநேரப் பேச்சு. யாம் குடியிருக்கும் அண்ணனூர், சென்னையினின்றும் அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையே உள்ளது. அடுத்துள்ள ஆவடி, பீரங்கி வண்டிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் காவற்படை முகாம்களும் அமைந்த ஊர். ஆதலின் படையிலிருந்து ஓய்வுபெற்றோர் எம் தெருவிற் பலர். அவருள் ஒருவர், ஹவில்தாராக இருந்து ஓய்வுற்றவர், நாள்தோறும் மாலையில் எம் இல்லத்திற்கு நாளிதழ் பார்க்க வருவார். ஒருநாள் அவர் வந்தபோது, எம் முதுகலை மாணவர் ஒருவர் தாம் எழுதிய குறுநாவலின் கைப்படியை எமக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கதைத் தலைவன் துப்பாக்கிச் சூட்டில் மார்பிற் குண்டேற்றுப் பத்தடி பின்னே தூக்கியெறியப்படுகின்றான். காதலியின் மடியிற் கிடந்து ஒரு பக்க அளவு பேசுகின்றான். பேசி முடித்ததும் தலை சாய்கின்றான். அவன் தோழனுக்குத் தோளிற் குண்டு படுகின்றது, துண்டாற் கட்டிக்கொள்கின்றான், மறுநாள் மதிலேறிக் குதிக்கின்றான். ஹவில்தார் பொறுமையுடன் முழுதும் கேட்டார். பின்னர், "தம்பி நன்றாக எழுதியிருக்கிறார், சார். ஆனால் இதில் குண்டடி பட்டவர்கள் இரண்டே வேலைதான் செய்கிறார்கள். ஒருவர் செத்துப் போகிறார்; மற்றவர் மறுநாள் எழுந்து ஓடுகிறார். நான் இரண்டும் செய்யவில்லையே" என்றார்.

அவர் 1987-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், இந்திய அமைதிகாப்புப் படையின் இளஞ்சிப்பாயாக யாழ்ப்பாணத்தில் தொடையிற் குண்டுபட்டவர் என்பது எமக்கு அன்றுதான் தெரியவந்தது. ஏழாண்டுகள் அண்டை வீட்டில் வாழ்ந்தும் அவர் நடையிலுள்ள சாய்வை யாம் மூட்டுவாதம் என்றே எண்ணியிருந்தோம். இலக்கியம் பயிற்றுவிப்போர்க்கு இது நாணத்தக்கதே.

அவர் கூற்று எம்மைத் தொல்காப்பியத்திற்கு மீளச் செலுத்திற்று. வென்றான், தோற்றான், மாண்டான் என்ற அளவில் நில்லாது, புண்பட்டுக் கிடப்போனையும் ஒரு பாடுபொருளாகக் கொண்டது நம் புறத்திணை. காஞ்சித்திணையின் துறைகளுள் தொடாக் காஞ்சி என்பது புண்ணுற்ற கணவனைப் பேய் அண்டாதவாறு மனைவி காத்தலைக் கூறுவது. காக்கும் சுற்றம் இல்லாதவனைப் பேயே காத்தலும் அத்திணையில் வேறொரு துறையாக எண்ணப்படுகின்றது. களத்தில் தனித்துக் கிடந்த மறவனின் நிலையை இதனினும் துயர்படச் சொல்லிய இலக்கணம் பிறிதொரு மொழியில் உண்டோ என்பது எம் ஐயம். புறநானூற்றின் 281-ஆம் பாட்டில் அரிசில்கிழார் புண்பட்டோன் மனையைக் காட்டுகின்றார். இரவமும் வேம்பும் இல்லிற் செருகப்படுகின்றன; ஐயவி சிதறப்படுகின்றது; யாழும் ஆம்பற்குழலும் ஒலிக்கின்றன; மணி இயங்குகின்றது; காஞ்சி பாடப்படுகின்றது; நறும்புகை எழுகின்றது. வீரன் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசுவோர் பெண்டிர்; செயல் அனைத்தும் செவிலியம். நெடுநல்வாடையில் வாடைக்காற்று விளக்குச் சுடரைச் சாய்க்கும் நள்ளிரவில், வேந்தன் பாசறையிற் புண்பட்டோரை ஒவ்வொருவராகச் சென்று காண்கின்றான். பதிற்றுப்பத்தின் 42-ஆம் பாட்டிற் பரணர், புண் தைக்கும் நீண்ட வெண்ணிற ஊசி தசையுட் புகுந்து வெளிவருதலை, மீன் பிடிக்கக் குளத்துள் மூழ்கி எழும் சிரற்பறவையோடு உவமிக்கின்றார். அவ்வூசியை அருகிருந்து கண்டவர்க்கன்றி அவ்வுவமை தோன்றாது.

இவையெல்லாம் வாளும் வேலும் செய்த புண்கள் என்பதை மறத்தலாகாது. அப்புண்ணை யார் செய்தார், எத்திசையிலிருந்து செய்தார் என்பது வெளிப்படை. ஆகவேதான் முகத்தினும் மார்பினும் பட்டது விழுப்புண்ணாயிற்று. முதுகிற் பட்டது புறப்புண்ணாயிற்று. வெண்ணிப் போரிற் கரிகாலனால் முதுகிற் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்தமை 65, 66-ஆம் புறப்பாட்டுகளால் அறியப்படும். துப்பாக்கி இவ்வறத்தை அடியோடு கலைத்துவிட்டது. இருநூறு மீட்டருக்கு அப்பாலிருந்து வரும் குண்டுக்கு மார்பும் முதுகும் ஒன்றே. ஆயினும் நம் புனைகதைத் தலைவர்கள் இன்றும் மார்பிலேயே குண்டேற்கின்றனர். வில்லன்மார்க்கே முதுகு. குண்டினை எழுதும்போதும் நம்மனோர் வேலினையே எழுதுகின்றனர் என்பதற்கு இஃதொரு சான்று.

சொல்லாலும் ஒரு மயக்கம் நேர்ந்துளது. துப்பாக்கி துருக்கி மொழியிலிருந்து வந்த சொல். அதனோடு இயைக்கப்பட்ட வினையோ நம்முடையது, சுடுதல். சுடுதல் எனின் எரித்தல். வெடியுப்பு வெடித்து நெருப்பும் புகையும் உமிழக் கண்ட தமிழன் அவ்வினையைத் தேர்ந்தான். அது சுடுவோன் பக்கத்திற்குப் பொருந்துவது. அச்சொல்லின் வழியே நடந்த எழுத்தாளர், சுடப்பட்டோன் பக்கத்திலும் நெருப்பையே காண்கின்றனர். 'நெருப்புத் துண்டம் பாய்ந்தது போல்' என்னும் உவமையை யாம் படித்த கதைகளில் எண்ணி அலுத்தோம். வெடிக்கும் பொடிக்கு மருந்து என்று பெயரிட்டதும் தமிழே. புண்ணை ஆற்றுவதற்கும் ஆக்குவதற்கும் ஒரே பெயர். ஈழத்தமிழரோ குண்டினைச் சன்னம் என்பர். குண்டு எனின் பருத்தது. சன்னம் எனின் மெலிந்தது, நுண்ணியது. போரின் நடுவே பல்லாண்டு வாழ்ந்தோர் வழங்கும் சொல் பொருளின் உருவத்திற்கு அணுக்கமாயிருத்தல் கருதத்தக்கது.

இனி, குண்டு உடலிற் செய்வன யாவை எனக் காண்பாம். தடய மருத்துவ நூல்களும் போர்க்கள அறுவை மருத்துவ நூல்களும் இதனை விரித்துரைக்கின்றன. தமிழாசிரியர் அவற்றைத் தொடுவது குறைவு.

முதலாவது, ஓசை. கதைகளில் வெடியோசை முன்னும் வீழ்ச்சி பின்னும் வரும். படைத்துப்பாக்கியின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 700 முதல் 900 மீட்டர் வரை செல்வது. ஒலியோ நொடிக்கு 340 மீட்டரளவே செல்லும். இருநூறு மீட்டருக்கு அப்பால் சுடப்பட்ட ஒருவனைக் குண்டு கால் நொடிக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் அடையும். வெடியோசை வந்தெய்த அரை நொடிக்கு மேலாகும். எனவே அவன் அறிவது முதலில் அடியை, பின்னரே ஓசையை. அருகிலிருப்போர்க்குத் தோழன் காரணமின்றி மடங்கி வீழ்தலே முன்னர்ப் புலப்படும். வேகம் குறைந்த கைத்துப்பாக்கிக்கும் மிக அணுகிய சூட்டிற்கும் இது பொருந்தாது. பொருந்துமிடத்து இவ்வொரு மாற்றமே கதைக்கு எத்துணை அச்சத்தைத் தரும் என்பதை எழுதுவோர் எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்து, தூக்கியெறியப்படுதல். இது முழுதும் திரைப்படத்தின் கொடை. கயிறு கட்டி இழுத்தாலன்றி நிகழாதது. ஒன்பதரைக் கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 840 மீட்டர் வேகத்தில் வந்து 65 கிலோகிராம் எடையுள்ள மனிதன் உடலில் முழுதும் தங்கிவிட்டது எனக் கொண்டாலும், அவ்வுந்தம் அவனை நொடிக்கு 12 சென்டிமீட்டர் அளவே நகர்த்தும். தவழும் குழந்தை அதனினும் விரைந்து செல்லும். அன்றியும், பத்தடி எறியும் வலிமை குண்டிற்கு இருப்பின், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சுட்டவனும் அவ்வாறே எறியப்படல் வேண்டும். உண்மையிற் குண்டுபட்டோர் நின்ற இடத்திலேயே மடங்குவர், சிலர் ஓடிக்கொண்டே இருந்து சிறிது தொலைவு சென்று வீழ்வர், சிலர் வீழ்வதேயில்லை.

மூன்றாவது, புண்ணின் தோற்றம். உட்புகும் வாய் பெரும்பாலும் சிறியது. தோல் நெகிழ்ந்து மீள்வதால் குண்டின் குறுக்களவினும் குறுகியிருத்தலும் உண்டு. அதனைச் சூழ்ந்து உராய்வால் ஒரு மெல்லிய வளையம் காணப்படும். மிக அணுகிச் சுடப்பட்டதாயின் கருகலும், வெடித்துகள் தோலிற் பச்சை குத்தினாற்போற் பதிந்த புள்ளிகளும் இருக்கும். தொலைவிலிருந்து சுடப்பட்டதாயின் இவை இரா. வெளியேறும் வாய் பெரும்பாலும் பெரிதாயும் கிழிந்தும் தோன்றும். வெளியேறாமற் போதலும் உண்டு. ஆனால் கேடு முழுதும் நடப்பது இடையிலுள்ள கண்காணா வழியில். குண்டு தான் சென்ற தடத்தைத் துளைப்பதோடு, விரைவு மிகுந்ததாயின் அத்தடத்தைச் சூழ்ந்த தசையை ஒரு கணம் பலூன்போல் விரித்துச் சுருங்கச் செய்கின்றது. ஈரல் போன்ற நெகிழாத உறுப்புகள் அவ்விரிவைத் தாங்கமாட்டாது பிளவுறும். எலும்பிற் பட்டதாயின் எலும்புத் துண்டுகளே மேலும் பல குண்டுகளாகும். குருதி புறத்தே சிறிதும் சிந்தாமல் வயிற்றுக்குள்ளும் மார்புக்குள்ளும் நிறைதலும் உண்டு. 'குருதி ஆறாகப் பெருகியது' என்று எழுதுவோர் இதனை அறிவாராயின், குருதியே இல்லாத வெண்மையான முகத்தின் அச்சத்தை எழுதுவர்.

ஹவில்தார் தம் அனுபவத்தை எமக்குச் சொன்னவாறு ஈண்டுத் தருகின்றோம். கடப்பாரையின் மழுங்கிய முனையால் யாரோ தொடையில் ஓங்கி அடித்தாற்போல் இருந்ததாம். வலி இல்லை. எவன் அடித்தான் என்று சினந்து திரும்பினாராம். அப்போதுதான் கால் தம்மைத் தாங்கவில்லை என்று தெரிந்தது. காற்சட்டையில் பீடி நெருப்புப் பட்டாற்போல் ஒரு சிறு துளை. காலணிக்குள் ஏதோ வெதுவெதுப்பாக நிறைந்தது. சற்றைக்கெல்லாம் பொறுக்கலாகா விடாய். நண்பகல் வெயிலிற் குளிர். தண்ணீர்க்குப்பி கைக்கெட்டாத தொலைவில் உருண்டு கிடந்ததையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், வீட்டையோ தாயையோ நினைக்கவில்லை என்றும் சொன்னார். இதனைச் சொல்லும்போது சற்று நாணினார். கதைகளிற் சுடப்பட்டோர் எல்லாரும் தாயை நினைப்பதால் தாமும் நினைத்திருக்க வேண்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம்.

அவர் சொன்னவை ஒவ்வொன்றும் மருத்துவத்தோடு இயைவன. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையிற் காயமுற்ற படைவீரரை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், பெரும்புண் பட்டவருள்ளும் பெரும்பகுதியினர் வலிநீக்கும் மருந்து வேண்டாம் என்றதனை 1946-இல் எழுதினார். வலி இல்லையென்பதன்று, அது காலந்தாழ்த்து வருகின்றது. விடாயும் குளிரும் குருதி இழப்பின் குறிகள். வளர்ந்த மனிதன் உடலிலுள்ள குருதி ஏறத்தாழ 5 லிட்டர். அதில் 15 விழுக்காடு இழக்குமளவும் புறத்தே மாற்றம் பெரிதாகத் தோன்றாது. அதற்குமேல் 30 விழுக்காடு வரை நாடி விரைந்தோடும், தோல் வெளுத்துக் குளிரும், மனம் பதறும். அதனையுங் கடந்தால் குருதியழுத்தம் வீழும், அறிவு மயங்கும், பேச்சு குழறும். 40 விழுக்காட்டிற்கு மேல் உயிர்க்கேடு. தொடையின் பெருந்தமனி அறுபடின் இவ்வளவும் சில நிமிடங்களில் நிகழ்ந்துவிடும். நரம்போ சிறுகுழாயோ அறுபடின் பல மணிநேரம் ஆகலாம். எனவே, எவ்விடத்திற் பட்டது என்று எழுத்தாளர் முடிவு செய்த அக்கணமே, பாத்திரத்திற்கு எத்துணைப் பொழுது உண்டு, அப்பொழுதில் அவன் என்ன செய்யக்கூடும் என்பனவும் முடிவாகிவிடுகின்றன. இக்கட்டுப்பாட்டை யாம் யாப்புக்கு ஒப்பிடுவோம். யாப்பறியாதான் பாட்டு எவ்வாறு தளை தட்டுமோ, அவ்வாறே இஃதறியாதான் கதையும் தட்டும்.

மடியிற் கிடந்து பேசும் ஒரு பக்கப் பேச்சு இவ்வாறு தட்டும் இடங்களுள் தலையாயது. மார்பிற் குண்டுபட்டு நுரையீரலைச் சூழ்ந்த வெளியிற் காற்றுப் புகுமாயின், நுரையீரல் சுருங்கும். மூச்சு மேலோடும். ஒரு மூச்சிற்கு ஒரு சொல், இரு சொல் வெளிப்படுதலே அரிது. இதயம் தன் தொழிலை முற்றும் நிறுத்தினாலும் மூளை பத்து முதல் பதினைந்து நொடி வரை விழித்திருக்கக்கூடும். அதற்குள் அடுக்குமொழி வசனம் அடங்காது. தலையிற் குண்டுபட்டோர் உடனே இறப்பர் என்பதும் முழுதும் உண்மையன்று. ஆப்ரகாம் லிங்கன் 1865 ஏப்ரல் 14 இரவு சுடப்பட்டு, நினைவு திரும்பாமலே ஏறத்தாழ ஒன்பது மணிநேரம் உயிர்த்திருந்து மறுநாட் காலை மறைந்தார். அவ்வொன்பது மணிநேரம் அக்கட்டிலைச் சூழ்ந்து நின்றோர்க்கு உரியது. கதையும் அவரிடமே செல்லல் வேண்டும்.

தோளிற் பட்டால் தீங்கில்லை என்பது மற்றொரு மரபு. தோளின் உட்புறத்தே கைக்குச் செல்லும் பெருந்தமனியும் நரம்புக் கற்றையும் செல்கின்றன. கையையே இழக்க நேரும் இடம் அது. கத்தியை நெருப்பிற் காய்ச்சிக் குண்டை எடுத்துவிட்டால் நோய் நீங்கும் என்பதும் அத்தகையதே. உடலுள் தங்கிய குண்டினைப் பல வேளைகளில் மருத்துவர் எடுப்பதில்லை. மூட்டினுள்ளோ பெருங்குழாயின் அருகிலோ இருந்தாலன்றி, எடுக்க முயல்வதே கேடாகலாம். கொல்வது பெரும்பாலும் குருதி இழப்பு; அது தப்பினால், குண்டு தன்னோடு உள்ளிழுத்துச் சென்ற துணியும் மண்ணும் விளைக்கும் சீழ். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு 1881 சூலை 2-இற் சுடப்பட்டார். கழுவாத விரல்களால் மருத்துவர் பலர் குண்டைத் தேடித் துழாவினர். தொலைபேசி கண்ட கிரகாம் பெல்லும் குண்டிருக்கும் இடத்தை அறியத் தாம் செய்த கருவியுடன் வந்தார். செப்டம்பர் 19-இல், பெரிதும் சீழ்நோயால், அவர் இறந்தார். போர்ப்புண்ணை உடனே தைத்து மூடாது, அழிந்த தசையை நீக்கித் திறந்தவாறே விட்டுச் சில நாள் கழித்துத் தைப்பதே படை மருத்துவ முறை. பரணர் கண்ட வெண்ணூசி இங்கே காத்திருக்க வேண்டும். ஹவில்தாரும் அதனையே சொன்னார்: "புண்ணைத் தைக்காமல் வைத்திருந்தார்கள், சார். கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்து இரவெல்லாம் அழுதேன்." இச்செய்தி எக்கதையிலும் எமக்குக் கிடைத்திலது.

எழுத்தாளரே குண்டுபட்ட நிகழ்ச்சிகள் இரண்டினை ஈண்டு எண்ணலாம். உருசியக் கவிஞர் புஷ்கின் தம் 'யெவ்கேனி ஒனேகின்' என்னும் செய்யுட் புதினத்தில் லென்ஸ்கி என்னும் இளங்கவிஞனைக் கைத்துப்பாக்கி இருவர் போரிற் சாகவிடுகின்றார். அவன் மெல்ல மார்பிற் கைவைத்து, ஒலியின்றி, உடனே இறக்கின்றான். அச்சாவு அழகியது, ஆயின் கவிஞரின் சாவு அவ்வாறிருக்கவில்லை. உருசியப் பழைய நாட்காட்டிப்படி 1837 சனவரி 27-இல், பீட்டர்ஸ்பர்க்கின் புறத்தே பனியில், தாந்தெஸ் என்பானோடு நிகழ்ந்த இருவர் போரில் அவர் வயிற்றிற் குண்டேற்றார். வீழ்ந்தபின்னும் எழுந்து குறிபார்த்துச் சுட்டு எதிரியைக் காயப்படுத்தினார். அதன்பின் இரண்டு நாள் கடும் வேதனை; 29-ஆம் நாள் மறைவு. வயிற்றுப் புண்ணுக்கு அக்காலத்தில் மருத்துவம் இல்லை. லென்ஸ்கியின் சாவைப் புஷ்கின் மீண்டும் எழுத நேர்ந்திருப்பின் எவ்வாறு எழுதியிருப்பார் என்னும் வினா எம்மை நெடுநாள் விடவில்லை.

மற்றவர் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல். ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் 1937 மே 20-இல், வெஸ்கா நகரின் அருகே அவர் கழுத்தைக் குண்டு துளைத்துச் சென்றது. மறு ஆண்டு வெளிவந்த 'ஹோமேஜ் டு கேட்டலோனியா' என்னும் நூலில் அந்நிகழ்ச்சியை அவர் அமைதியாக, ஏறத்தாழ ஆராய்ச்சியாளர்போல், விரித்துரைக்கின்றார். வலியன்று, பேரதிர்ச்சி, முழங்கால்கள் தாமே மடங்குதல், பேச முயன்று குரல் எழாமை, முதலில் மனைவியின் நினைவு, பின்னர் உலகை விட்டுச் செல்வதன்மேற் கசப்பு. குரல்நாண் ஒன்று செயலிழந்து, நெடுநாள் குசுகுசுப்பாகவே பேசினார். தன்னையே கூர்ந்து நோக்கும் அவ்வமைதியே அப்பகுதியை வாழவைப்பது என்பது எம் கருத்து. மிகைப்படுத்துவதற்கு எல்லா உரிமையும் உடையவர் அவர். ஒரு சொல்லும் மிகைப்படுத்தவில்லை.

கழுத்திற் பட்ட குண்டும் மாறிய குரலும் தமிழர்க்குப் புதியன அல்ல. 1967 சனவரி 12-இல், இராமாவரம் தோட்டத்து இல்லத்தில், நடிகர் எம்.ஆர். இராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், பின் தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தனர். செவியின் அருகே புகுந்த குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்திற் சென்று தங்கிற்று. கழுத்துக் கட்டுடன் மருத்துவமனையிற் கிடந்த அவர் படம் சுவரொட்டியாகி அவ்வாண்டுத் தேர்தலில் நாடெங்கும் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதியில் அவர் வெற்றி பெற்றார். இஃது அனைவரும் அறிந்தது. யாம் சுட்ட விரும்புவது அதன்பின் நிகழ்ந்தது. அவர் குரல் பழையபடி மீளவில்லை. அப்போது எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த 'காவல்காரன்' அவ்வாண்டே வெளிவந்தது. அதில் முன்னைக் குரலும் பின்னைக் குரலும் ஒரே பாத்திரத்தின் வாயில் அடுத்தடுத்துக் கேட்கின்றன. இருபதாண்டுகள், 1987 திசம்பரில் மறையுமளவும், அக்குரலிலேயே அவர் நடித்தார், மேடையிற் பேசினார், சட்டமன்றத்திற் பேசினார். ஒரு குண்டு தன் வேலையை முடிக்க எவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளும் என்பதைத் தமிழ்நாடு முழுதும் காதாற் கேட்டது. கேட்டும், நம் திரைக்கதையும் தொடர்கதையும் குண்டுபட்டோனை மறுவாரமே பழைய குரலிற் பேசவிட்டன. இவ்வியப்பினின்றும் யாம் இன்னும் மீளவில்லை.

இதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று எனக் கருதுகின்றோம். மெய்ப்பாட்டியல் இங்கு வழி காட்டும். பெருமிதத்திற்குக் கூறப்பட்ட நிலைக்களன்களுள் தறுகண் ஒன்று. அழுகைக்குக் கூறப்பட்டவற்றுள் இழவு ஒன்று. நம் புனைகதை குண்டுபட்டோனைத் தறுகண்ணனாக்கிப் பெருமிதம் கொள்கின்றது. அல்லது இறக்கச் செய்து இழவின் அழுகையைப் பெறுகின்றது. ஆனால் தொல்காப்பியர் இளிவரலுக்குக் கூறிய நான்கு களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. பிழைத்துக் கிடப்போனுடைய நாற்றமடிக்கும் கட்டு, பிறர் கையால் மலசலம் கழிக்க நேரும் நிலை, அரையங்குலம் குறைந்த கால், குளிர்காலத்து நோவு, வேலை மாற்றம், மனைவியின் அலுப்பு ஆகிய இவையெல்லாம் இளிவரலின்பாற்படும். வீரத்தோடு இளிவரலைச் சேர்க்க நம் எழுத்தாளர்க்கு மனம் ஒவ்வவில்லை. பழம்புலவரோ தொடாக் காஞ்சிக்கும் பேய்க் காஞ்சிக்கும் இடம் வைத்தனர். கலிங்கத்துப்பரணியின் மிகையைச் சிலர் எமக்கு எதிர்ச்சான்றாகக் காட்டலாம். பரணி தன்னை மிகையென்றே அறிவித்துக்கொண்டு பாடும் இலக்கியம். பேய்கள் கூழடும் களத்தில் உடற்கூற்றை எவரும் தேடார். நடப்பியல் என்று பெயரிட்டுக்கொண்ட புதினத்திற்கே எம் வினா உரியது.

எதிர்ப்பக்கத்து மிகையும் உண்டு. குற்றச் செய்தி இதழ்களைப் பின்பற்றிச் சில ஆசிரியர், புண்ணின் ஒவ்வோர் இழையையும் விரித்து அடுக்குகின்றனர். உடற்கூறு பிழையின்றியிருக்கும், ஆயின் அவ்வுடலுக்கு உடையவன் காணப்படான். அரிசில்கிழார் புண்ணை வருணிக்கவே இல்லை என்பதை அவர்க்கு நினைவூட்டலாம்.

ஈழத்தவர் எழுத்தில் இந்நிலை மாறியிருக்கின்றது. சன்னமும் செல்துண்டும் உடலுள் தங்கியவாறே புலம்பெயர்ந்து வாழும் மாந்தர் அங்குக் கதைமாந்தராகின்றனர். ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) முதலியவற்றைப் பயில்வோர், போரின் வன்மை உரத்த குரலில் அன்றி இயல்பான பேச்சு நடையிற் சொல்லப்படுவதைக் காண்பர். தமிழகத்திலோ, சிறுகதையின் முன்னோடி எனப் போற்றப்படும் வ.வே.சு. ஐயரே புதுச்சேரியில் வாஞ்சிநாதனுக்குக் கைத்துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர் என்பர். வாஞ்சி 1911 சூன் 17-இல் மணியாச்சி நிலையத்தில் ஆஷ் துரையைச் சுட்டுத் தாமும் சுட்டுக்கொண்டு மாய்ந்தார். துப்பாக்கியும் சிறுகதையும் ஒரே கையிற் பழகிய நாட்டில், துப்பாக்கிப் புண் மட்டும் கதைக்குள் மெய்யாக வந்து சேராமை ஒரு முரண்.

எம் மாணவர் தம் கைப்படியைத் திருப்பி எழுதினார். நான்கு திங்கள் ஆயின. தலைவன் இப்போது இறப்பதில்லை. ஒரு பக்கப் பேச்சு நீங்கி, மருத்துவமனை நடைகூடத்தில் அவன் தாய் கையிலொரு செம்புடன் விடியுமளவும் அமர்ந்திருக்கும் பகுதி புகுந்தது. தோழன் மதிலேறவில்லை, வலக்கை மடங்காமையால் இடக்கையால் உண்ணப் பழகுகின்றான். இவ்வளவும் சேர்ந்தபின் கதை நீண்டுவிட்டது. நடுவிற் சிறிது தொய்வும் உண்டு. ஆயினும் முன்னையதினும் இது மேல் என்பதில் எமக்கு ஐயமில்லை.

சென்ற திங்கள் ஒரு மாலையில் அதனை ஹவில்தாருக்கு அவர் படித்துக் காட்டினார். இருப்புப்பாதை மேம்பாலத்தில் ஒவ்வொரு படியாக, நல்ல காலை முன்வைத்து ஏறி இறங்கி வந்த களைப்பு நீங்க அவர் சற்றே கால்நீட்டி அமர்ந்து கேட்டார். ஓரிடத்தில் மட்டும் கையுயர்த்தி நிறுத்தினார். தலைவன் தண்ணீர் கேட்க, செவிலி குவளையை வாயில் வைத்து ஊட்டும் இடம் அது.

"அது மட்டும் இல்லை, தம்பி. அறுவைக்குக் கொண்டுபோகிறவனுக்குக் குடிக்கக் கொடுக்கமாட்டார்கள். எனக்கும் கொடுக்கவில்லை. ஈரத்துணியை உதட்டில் வைத்தார்கள்" என்றார்.

மாணவர் குவளையை அடித்துவிட்டு, துணி என்று எழுதிக்கொண்டார்.